‘வெள்ளி’யின் வேரைத் தேடுவது எப்படி? சொல்லாராய்ச்சிக்குப் புதியவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேட ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்றுதான். புத்தகத்தில் தொடங்க வேண்டாம் என்பதே என் பதில். புத்தகம் நான்காவது, ஐந்தாவது வேலை. முதலில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்குங்கள்.

பழகுவதற்கு ‘வெள்ளி’யைப் போல நல்ல சொல் கிடைப்பது அரிது. சின்னச் சொல், பழைய சொல், இன்றும் தினமும் வாயில் புழங்குகிற சொல். மதுரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்தச் சொல்லின் வரலாற்றில் பாதி நம் ஊருக்குள்ளேயே, நடந்து போகும் தூரத்தில் கிடக்கிறது. ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு மூன்று வாரம் போதும்.

1. முதலில் காதால் சேருங்கள்

வெள்ளி என்றோ அதை ஒட்டியோ மக்கள் சொல்வதையெல்லாம் எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல் முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். யார் சொன்னார், எந்த ஊர்க்காரர், என்ன வேலை செய்கிறவர் என்பதும் வேண்டும்.

என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவை இவை. “நாளைக்கு வெள்ளென வந்துருங்க” (விடியற்காலையில் வந்துவிடுங்கள் என்று பொருள்). “வெள்ளி மொளைச்சிருச்சு, மாட்டை அவுத்து விடு.” “சொக்க வெள்ளிடா, கலப்பே இல்லை.” “அவரு வெள்ளந்தி மனுசன்.” சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், “டாக்சிக்கு இருபது வெள்ளி ஆச்சு.” ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டில், “அந்த சில்வர் தூக்கை இங்க கொண்டாங்க.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் ‘சில்வர்’ என்றால் எவர்சில்வர், அதாவது துருப்பிடிக்காத எஃகு. அதில் இரும்பும் குரோமியமும் உண்டு, வெள்ளி இல்லை. ‘வெள்ளித் தட்டு’ என்று கேட்டால் பீரோவைத் திறப்பார்கள், ‘சில்வர் தட்டு’ என்று கேட்டால் அடுப்படிக்குப் போவார்கள். வெளியிலிருந்து வந்த சொல் பொதுப் பாத்திரத்துக்குப் போய்விட்டது, விலையுள்ள உலோகம் தன் பழைய பெயரிலேயே இருந்துவிட்டது. ஜெர்மன் சில்வரும் இப்படித்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை அது. இதை எந்த அகராதியையும் விரிக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

2. பொருளையே கையில் எடுத்துப் பாருங்கள்

சொல்லைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் படி இதுதான். நான் இங்கேதான் அதிக நேரம் செலவழிப்பேன்.

தெற்காவணி மூல வீதியில் பெரிய நகைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளியைப் பார்த்தால், ‘பளபளப்பது’ என்ற பொருளில்தான் அதற்குப் பெயர் வந்திருக்கும் என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் பக்கத்துச் சந்தொன்றில் ஒரு பத்தரின் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு ஜோடி மெட்டிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நெருப்பிலிருந்து எடுத்தபோது மெட்டி கறுத்து, அழுக்குப் பிடித்த இரும்புத்துண்டு மாதிரி இருந்தது. அதைக் கொதிக்கும் ஆசிட் தண்ணீரில் போட்டார். முன்பெல்லாம் புளித்தண்ணீர்தான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியால் எடுத்து என் முன் வைத்தார். மினுமினுப்பே இல்லை. பால் போல, பூசிய சுவர் போல, மங்கிய சுத்தமான வெள்ளை.

“என்னங்கய்யா, சுண்ணாம்பு மாதிரி இருக்கு?”

“இதுதான் தம்பி வெள்ளி. நீங்க கடையில பாக்குறது நாங்க தேச்சு மெருகு ஏத்துனது.”

நகை செய்யும் வெள்ளியில் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும். சூடு பட்டதும் மேலே இருக்கும் செம்பு கறுக்கிறது. அமிலம் அந்தக் கறுப்பைத் தின்றுவிட, மேற்பரப்பில் தூய வெள்ளி மட்டும் நுண்ணிய சொரசொரப்போடு நிற்கிறது. அந்தச் சொரசொரப்பில் பட்ட ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. கம்பித் தூரிகையால் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே பளபளப்பு வரும். ஆக, பட்டறையில் உட்கார்ந்தவனுக்கு இந்த உலோகம் முதலில் வெண்மையாகவும் பிறகே மின்னுவதாகவும் தெரியும். ‘சுண்ணாம்பு மாதிரி’ என்ற அந்த வார்த்தையை நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன். அது பின்னால் உதவியது, சொல்கிறேன்.

3. சொல்லை உடையுங்கள்

வெள்ளி = வெள் + இ. ‘வெள்’ என்றால் வெண்மை. ‘இ’ விகுதி சேர்ந்ததும் ‘வெண்மை உடையது’ என்று ஆகிறது. நடுவில் ஏன் ‘ள்’ இரட்டித்தது? “தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்” என்கிறது நன்னூல். கள் + ஐ கள்ளை ஆவது போல, வெள் + இ வெள்ளி. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த சூத்திரம் இங்கே ஒரு கருவியாகவே கைக்கு வரும்.

இனி இதே ‘வெள்’ வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். உயிரெழுத்துக்கும் வகரத்துக்கும் முன்னால் ‘வெள்’ அப்படியே நிற்கும்: வெள்ளாடு, வெள்வேல், வெள்ளீயம். ககரம், பகரம், மகரம் போன்றவற்றுக்கு முன்னால் ‘வெண்’ என்று வரும்: வெண்கலம், வெண்பா, வெண்மதி, வெண்ணெய். இந்த இரண்டு முகமும் ஒரே ஆள்தான் என்று பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வெள்ளாடு பெரும்பாலும் கறுப்பாக இருக்கிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அது எந்தக் காரணத்துக்கு வந்ததோ அந்தக் காரணத்தைப் பேசுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. வெண்கலமும் இன்று யார் கண்ணுக்கும் வெள்ளையாகத் தெரியாது.

4. அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள்

ஒரு சொல் தமிழில் மட்டும் இருக்கிறதா, உறவு மொழிகளிலும் இருக்கிறதா என்று பார்க்கும் படி இது. நம் பக்கத்தில் இதற்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டாம். மதுரையிலும் விருதுநகர்ப் பக்கத்திலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். வாசலில் நின்று, “உங்க வீட்டுப் பேச்சுல வெள்ளிக்கு என்ன சொல்வீங்க?” என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

தெலுங்கில் வெண்டி. மலையாளத்தில் நம்மைப் போலவே வெள்ளி. கன்னடத்தில் பெள்ளி (முதலெழுத்தைப் பெங்களூரு என்பதில் வருவது போல அழுத்திச் சொல்ல வேண்டும்). துளுவில் பொள்ளி.

பெள்ளி எப்படி வெள்ளியின் உறவாகும் என்று சந்தேகம் வரும். வரவும் வேண்டும். ஒரே ஒரு சொல்லை வைத்து உறவு கொண்டாடக் கூடாது, இணைகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வேர் – பேரு, வேலி – பேலி, விரல் – பெரளு, வெண்ணெய் – பெண்ணெ. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாக வருவது ஒழுங்கான வழக்கம் என்று தெரிந்துவிடும். அப்படி ஒழுங்காக மாறினால்தான் உறவு. காதுக்கு ஒரே மாதிரி கேட்கிறது என்பது சாட்சியாகாது.

இத்தனை மொழிகளில் இந்த ஒழுங்கோடு இருப்பதால், இந்தப் பெயர் அவை பிரிவதற்கு முன்பே பிறந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதி (முதற்பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984) இந்த உறவுகளை ஒரே இடத்தில் தரும். ஆனால் முதலில் நீங்களாகவே கேட்டுச் சேருங்கள். அப்புறம் அதோடு ஒப்பிடுங்கள்.

5. பழைய நூல்களில் சொல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

இப்போதுதான் நூலகம். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் நம் ஊரில்தான் இருக்கிறது. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-இல் திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள்) இணையத்திலும் கிடைக்கிறது. அகராதியில் பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பழைய நூலின் வரிக்கே போங்கள்.

மதுரைக்காரர்கள் முதலில் எடுக்க வேண்டியது நெடுநல்வாடை. பாண்டியன் அரண்மனையின் அந்தப்புரத்தை நக்கீரர் வருணிக்கும் இடத்தில் இப்படி ஒரு வரி: “வெள்ளி அன்ன விளங்கும் சுதை உரீஇ.” சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. வெள்ளி போல விளங்கும் சுண்ணாம்பைப் பூசியிருக்கிறார்கள். பட்டறையில் என் வாயில் தானாக வந்த உவமை, திசை மாறி இங்கே நிற்கிறது. நான் வெள்ளியைப் பார்த்துச் சுண்ணாம்பு என்றேன், நக்கீரர் சுண்ணாம்பைப் பார்த்து வெள்ளி என்றார். இந்த வரியைக் கண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்று இரண்டாம் படியில் நான் வற்புறுத்தியது இதற்காகத்தான்.

அடுத்தது புறநானூறு 35. “இலங்குகதிர் வெள்ளி தென்புலம் படரினும்” என்று வெள்ளைக்குடி நாகனார் பாடுகிறார். இங்கே வெள்ளி கோள். அது தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்பது அன்றைய நம்பிக்கை. பட்டினப்பாலை அதே கோளை ‘வெண்மீன்’ என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வெள்ளி என்ற பெயரில் இருப்பது நிறம்தான் என்பது விளங்கிவிடும். வானத்தில் வெண்மையாக நிற்பதும் வெள்ளி, உலையில் வெண்மையாக இறங்குவதும் வெள்ளி. உலோகத்தின் பெயரைக் கோளுக்கு வைத்தார்களா, கோளின் பெயரை உலோகத்துக்கு வைத்தார்களா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். இரண்டுக்கும் தாய் ‘வெள்’.

உலோகத்துக்கு இன்னொரு பழைய பெயரும் உண்டு: வெண்பொன். இது புதியவர்களைக் குழப்பும், வெள்ளைத் தங்கமோ என்று நினைப்பார்கள். பழந்தமிழில் ‘பொன்’ என்பது தங்கத்தை மட்டும் குறிக்கவில்லை, உலோகம் என்ற பொதுப்பொருளும் அதற்கு உண்டு. அதனால்தான் இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். கோயில் திருமேனிகளை ‘ஐம்பொன்’ என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே அந்தப் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. ஐந்து தங்கம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

6. கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள்

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் சுவாமி சந்நிதிப் பக்கம் வெள்ளித் தகடு போர்த்திய அம்பலத்தில் நடராசர் நிற்கிறார். மற்ற தலங்களில் இடக்காலைத் தூக்கி ஆடுகிறவர், இங்கே வலக்காலைத் தூக்கியிருக்கிறார். இராசசேகர பாண்டியன் வேண்டியதால் கால் மாறி ஆடினார் என்று திருவிளையாடற் புராணம் சொல்கிறது. தில்லைக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, திருநெல்வேலிக்குத் தாமிரம், திருவாலங்காட்டுக்கு இரத்தினம், குற்றாலத்துக்குச் சித்திரம் என்பது ஐந்து சபைகளின் கணக்கு.

சொல் தேடுகிறவருக்கு இந்த இடத்தில் இரண்டு விஷயம் கிடைக்கும். ஒன்று, ஒரே அம்பலத்துக்கு வெள்ளியம்பலம் என்றும் இரசத சபை என்றும் இரண்டு பெயர். தமிழும் வடமொழியும் ஒன்றையொன்று மொழிபெயர்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்கின்றன. இப்படி இணைப்பெயர் உள்ள இடங்களை எப்போதும் குறித்துவையுங்கள். இரண்டு, பெயரின் பழமை. சிலப்பதிகாரப் பதிகத்தில் சாத்தனார், “வெள்ளி அம்பலத்து நள்ளிருள் கிடந்தேன்” என்கிறார். மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் பேசியதை அங்கே படுத்திருந்தபோதுதான் கேட்டதாகச் சொல்கிறார். நாம் இன்று வாயில் சொல்லும் அதே பெயர்.

போகிற போக்கில் ஒன்று. ‘சொக்க வெள்ளி’ என்பதிலுள்ள சொக்கத்துக்குத் தூய்மை, அழகு என்ற பொருள்கள் உண்டு. சொக்கநாதர் பெயரில் இருப்பதும் அந்தச் சொக்கம்தான்.

7. கிளைகளைத் தொடருங்கள்

வெள்ளிக்கிழமை: கிழமை என்றால் உரிமை. வெள்ளி என்னும் கோளுக்கு உரிய நாள். மலையாளத்தில் வெள்ளியாழ்ச்ச. கன்னடத்தில் விடிவெள்ளியைப் பெள்ளிச்சுக்கி என்பார்கள்.

காசு: சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் அங்குள்ள நாணயத்தை வெள்ளி என்பது, ஒரு காலத்தில் அங்கே ஓடியது வெள்ளிக்காசு என்பதால். நம் ‘ரூபாய்’ இதற்கு எதிர்த்திசையில் வந்தது. வடமொழி ‘ரூப்ய’ என்றால் உருவம் பொறித்தது, அதிலிருந்து வெள்ளி என்றும் பொருள். 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி அடித்த வெள்ளி நாணயம் ‘ரூபியா’, எடை சுமார் பதினொன்றரை கிராம். சிங்கப்பூரில் உலோகத்தின் பெயர் காசுக்குப் போனது, ரூபாயில் உருவம் பொறித்ததன் பெயர் உலோகத்துக்கும் பிறகு காசுக்கும் வந்தது. இவற்றுக்கெல்லாம் வெகுமுன்பே நம் பக்கத்தில் வெள்ளி காசாக ஓடியிருக்கிறது. கீழடியில் 2021-இல் முத்திரை குத்திய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது.

வெள்ளிவிழா, வெள்ளித்திரை இரண்டும் ஆங்கிலத்தைப் பார்த்து நாம் ஆக்கிக்கொண்டவை. அவற்றை வைத்துத் தமிழில் வெள்ளிக்கு என்ன பொருள் இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

வெண்மைக்கு இன்னொரு முகமும் உண்டு, அறியாமை. திருக்குறள் 844-இல் “வெண்மை எனப்படுவது யாதெனின்” என்று வள்ளுவர் கேட்பது அதைத்தான். நான் அறிவாளி என்று தானே சொல்லிக்கொள்ளும் செருக்கு என்று விடை தருகிறார். நம் ‘வெள்ளந்தி’ அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது, ஆனால் பாசத்தோடு.

8. தூரத்து மொழிகளில் பொருள் ஒத்தால் அவசரப்படாதீர்கள்

இலத்தீனில் வெள்ளி ‘அர்ஜெந்தும்’. வேதியியலில் வெள்ளியின் குறியீடு ‘ஏஜி’ என்று வருவது அதனால்தான். அந்தச் சொல்லின் வேருக்கு வெண்மை, ஒளி என்று பொருள். வடமொழி ‘ரஜத’மும், வெண்ணிறத்தான் என்று பொருள்படும் ‘அர்ஜுன’னும் அதே வேரில் வந்தவை. படித்ததும், ஆஹா, நம் வெள்ளியும் இவர்களும் சொந்தம் என்று கை பரபரக்கும். நிறுத்துங்கள். ஒலியில் ஒரு தொடர்பும் இல்லை. வெள்ளையான உலோகத்தைப் பார்த்து இரண்டு கூட்டத்தார் தனித்தனியே ‘வெள்ளை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பொருள் ஒத்தால் மனிதக் கண் ஒன்று என்று தெரிகிறது. சொல் ஒன்று என்பதற்கு நான்காம் படியில் பார்த்த ஒலி ஒழுங்கு வேண்டும்.

9. வேடதாரிகளைக் களையுங்கள்

ஒரு கூட்டத்தில் பேசும்போது, வெள்ளாமை என்பது ‘வெள்’ளிலிருந்து வந்தது, முற்றிய கதிர் வெளுத்து நிற்பதால் அந்தப் பெயர் என்று நான் அடித்துச் சொன்னேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, அது வேளாண்மைங்க. வாயில தேஞ்சு வெள்ளாமை ஆச்சு” என்றார். அவர் சொன்னதுதான் சரி. இன்று இருக்கும் வடிவத்தை மட்டும் பார்த்து, பழைய வடிவம் என்ன என்று நான் தேடாமல் போனதுதான் பிழை. அன்றிலிருந்து ஐந்தாம் படியை முடிக்காமல் மேடையில் எதையும் சொல்வதில்லை.

மதுரையில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய கோட்டைச் சுவர் இருந்த பக்கமாகச் சுற்றி ஓடுகிற தெற்கு வெளி வீதி, மேல வெளி வீதி எல்லாம் ‘வெளி’, ஊரின் வெளிப்புற வீதிகள். அவற்றை வெள்ளி வீதி என்று எழுதியும் சொல்லியும் வருகிறவர்கள் உண்டு. சங்கப் புலவர் வெள்ளிவீதியாரின் பெயர் வேறு. “கன்றும் உண்ணாது கலத்தினும் படாது” என்ற குறுந்தொகை 27-ஐப் பாடிய அம்மையார் அவர், அகநானூற்றில் ஔவையாரே அவரைக் குறிப்பிடுகிறார். ஒரு புள்ளி வைத்த ளகரம் கூடினாலும் குறைந்தாலும் சொல்லே மாறிவிடும். பெயர்ப்பலகையைப் படித்தால் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

10. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள்

எல்லாம் முடிந்ததும் நோட்டில் ஒரு பக்கத்தில் அடக்குங்கள். என் பக்கம் இப்படி இருக்கிறது:

வெள்ளி. வெள் + இ, வெண்மை உடையது. உறவு: வெண்டி, பெள்ளி, பொள்ளி. பழைய ஆட்சி: நெடுநல்வாடை (உலோகம், சுதைக்கு உவமை), புறம் 35 (கோள்). வேறு பெயர்: வெண்பொன், இரசதம். கிளை: நாள், காசு, விடிவெள்ளி. சேராதவை: வெள்ளாமை, வெளி வீதி. நேரில் கண்டது: பத்தர் பட்டறை, ஆசிட்டிலிருந்து எடுத்த மெட்டி, சுண்ணாம்பு நிறம்.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் வேறொருவர் நூலிலும் இருக்கும்.

அடுத்து எந்தச் சொல்லை எடுப்பது என்று கேட்பீர்கள். நெடுநல்வாடையை மூடி வைக்க வேண்டாம். சுதைக்கு வெள்ளியைச் சொன்ன நக்கீரர், இரண்டே வரி தள்ளிச் சுவருக்கு “செம்பு இயன்றன்ன” என்கிறார். ‘செம்’ என்றால் சிவப்பு. அங்கிருந்து தொடங்குங்கள். பாத்திரம் தட்டுகிறவரின் பட்டறைக்கு முதலில் போங்கள்.